சிறப்புக் கல்வி தேவைப்படும் குழந்தை: ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருந்து தொடங்குங்கள்

மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை, அல்லது நான்காம் வகுப்புக்கு வந்த பிறகும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுகிறது, அல்லது வகுப்பில் ஐந்து நிமிடம் உட்கார முடியவில்லை. இப்படி ஏதோ ஒன்றோடு வரும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "யாரிடம் கூட்டிப்போக வேண்டும்?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் சிறப்பாசிரியராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்ததில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது, கையில் ஒரு நோட்டோடு வரும் அம்மா அப்பாவின் குழந்தைக்குத்தான் சரியான உதவி சீக்கிரம் கிடைக்கிறது. எந்த நிபுணரும் உங்கள் குழந்தையை ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோதான் பார்ப்பார். மீதி நேரமெல்லாம் பார்ப்பது நீங்கள், அப்புறம் வகுப்பாசிரியர். அந்த மீதி நேரத்தில் பார்த்ததை எழுதி வைக்காவிட்டால், முடிவுகள் எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தை வைத்தே எடுக்கப்படும்.

நோட்டில் என்ன எழுதுவது? தேதி, நேரம், இடம், என்ன நடந்தது. "பிடிவாதம்", "சோம்பேறித்தனம்", "கவனமே இல்லை" போன்ற சொற்களைத் தொடவே வேண்டாம். அவை நம்முடைய முடிவுகள், நடந்த சம்பவங்கள் அல்ல. "குளியலறையில் தண்ணீர் திறந்த சத்தம் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினான், பத்து நிமிடம் கழித்துத்தான் திரும்பி வந்தான்" என்று எழுதினால், அதைப் படிக்கும் தெரபிஸ்டுக்கு ஒரு துப்பு கிடைக்கும். "அடம் பிடித்தான்" என்று எழுதினால் ஒன்றும் கிடைக்காது. அதே நோட்டில் குழந்தைக்கு வருவதையும் எழுதுங்கள். புதிர்த் துண்டுகளை விரைவாகச் சேர்க்கிறதா, பாட்டை ஒருமுறை கேட்டால் மெட்டைப் பிடித்துக்கொள்கிறதா, தம்பி அழுதால் பக்கத்தில் போய் உட்காருகிறதா, எல்லாமே முக்கியம். கற்பித்தலைத் தொடங்க வேண்டிய இடம் அதுதான், முடியாதவற்றின் பட்டியல் அல்ல. எழுத்தோடு சேர்த்து போனில் சின்னச் சின்ன வீடியோவாக எடுத்து வைத்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் நிபுணரின் அறைக்குள் போனதும் பல குழந்தைகள் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

இரண்டு வாரம் எழுதினால் போதும், அதற்கு மேல் காத்திருக்கத் தேவையில்லை. சில விஷயங்களுக்கு அந்த இரண்டு வாரமும் காத்திருக்கக் கூடாது. ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த சொற்களோ செய்துகொண்டிருந்த காரியங்களோ குழந்தையிடம் இருந்து மறைந்துபோனால், எந்த வயதாக இருந்தாலும் உடனே மருத்துவரிடம் போங்கள். ஒரு வயது தாண்டியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயதிலும் விரல் நீட்டி எதையும் காட்டவில்லை என்றாலும் அப்படியே. "பையன்கள் மெதுவாகத்தான் பேசுவார்கள்", "அவன் மாமாவும் இப்படித்தான் இருந்தான்" என்று சுற்றியிருப்பவர்கள் அன்போடுதான் சொல்வார்கள். அவர்களோடு சண்டை வேண்டாம், ஆனால் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

முதலில் காதும் கண்ணும்

பேச்சு தாமதமா? முதலில் செவித்திறன் பரிசோதனை. வாசிப்பில் சிக்கலா? முதலில் கண் பரிசோதனை. இது எல்லாருக்கும் தெரிந்தது போலத்தான் இருக்கும், ஆனாலும் இதைத் தவிர்த்துவிட்டு மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சிக்குப் போன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அடிக்கடி காதில் நீர் சேரும் குழந்தைக்கு ஒரு வாரம் நன்றாகக் கேட்கும், அடுத்த வாரம் மந்தமாகக் கேட்கும். அதனால் "நான் சாக்லேட் கவரைப் பிரித்தால் ஓடி வருகிறானே, காதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது" என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது.

பிறரோடு பழகுவதையும் தொடர்புகொள்வதையும் பாதிக்கும் ஆட்டிசத்தின் அறிகுறிகள் இருக்கின்றனவா என்று பார்க்க, சின்னக் குழந்தைகளுக்கு எம்-சாட் என்றொரு கேள்வித்தாள் இருக்கிறது. 16 மாதம் முதல் 30 மாதம் வரை உள்ள குழந்தைகளுக்கு, பெற்றோர் பதில் சொல்ல வேண்டிய 20 கேள்விகள், இலவசம். இது நோயறிதல் இல்லை, வெறும் வடிகட்டி. இதில் சந்தேகம் வந்தால் ஆட்டிசம் என்று அர்த்தம் இல்லை, முழு மதிப்பீட்டுக்குப் போக வேண்டும் என்றுதான் அர்த்தம்.

முழு மதிப்பீடு என்பது ஒருவர் செய்யும் வேலை இல்லை. வளர்ச்சி சார்ந்த குழந்தை மருத்துவர், மனவியலாளர், ஸ்பீச் தெரபிஸ்ட், உடை உடுத்துவது எழுதுவது போன்ற அன்றாட வேலைகளையும் புலனுணர்வையும் பார்க்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், சிறப்பாசிரியர் என்று பலர் சேர்ந்து பார்ப்பதுதான் முறை. ஐந்து பேரும் ஒரே இடத்தில் கிடைக்காமல் போகலாம். பரவாயில்லை, ஒவ்வொருவரின் அறிக்கையும் அடுத்தவர் கைக்குப் போகிறதா என்பதை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிக்கையைப் படிப்பது எப்படி

பக்கம் பக்கமாக எண்களோடு ஓர் அறிக்கை வரும், பலர் கடைசிப் பக்கத்தில் இருக்கும் பெயரை மட்டும் படித்துவிட்டு மூடிவிடுவார்கள். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பெரும்பாலான சோதனைகளில் சராசரி 100 என்று வைத்திருப்பார்கள். 85 முதல் 115 வரைக்குள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் வந்துவிடுவார்கள். பெர்சன்டைல் என்றொரு எண்ணும் இருக்கும், அதைப் பரீட்சை மதிப்பெண் என்று நினைத்துப் பதறுபவர்கள் நிறைய. 16-ஆவது பெர்சன்டைல் என்றால் நூற்றுக்கு 16 வாங்கியது என்று அர்த்தம் இல்லை. அதே வயதுக் குழந்தைகள் 100 பேரை வரிசைப்படுத்தினால் ஏறக்குறைய 16 பேர் இந்தக் குழந்தையின் நிலையிலோ அதற்குக் கீழோ இருப்பார்கள் என்று அர்த்தம். சராசரி 100 என்று வைத்த சோதனையில் அது 85-க்குச் சமம்.

மொத்த எண்ணைவிட, பிரிவுகளுக்கு இடையே உள்ள இடைவெளிதான் எனக்கு எப்போதும் அதிகம் சொல்லும். வாய்மொழியாகக் கேட்டுப் புரிந்துகொள்வதில் 110, எழுத்தை ஒலியாக மாற்றுவதில் 75 என்று வந்தால், அந்தக் குழந்தைக்குப் பாடம் புரிகிறது, படிக்கத்தான் முடியவில்லை. அதற்குத் தேவை எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பைப் படிப்படியாக, நேரடியாகச் சொல்லித்தரும் வாசிப்புப் பயிற்சி. கூடவே, படிக்கப் பழகும் வரைக்கும் பாடத்தைக் காதால் கேட்கும் வசதி. "இன்னும் நாலு தடவை எழுதிப் பார்" என்பது தீர்வே இல்லை.

அறிக்கை தந்தவரிடம் மூன்று கேள்விகள் கட்டாயம் கேளுங்கள். இது என் குழந்தைக்குப் பழக்கமான மொழியில் நடந்த சோதனையா? அன்றைக்குக் குழந்தை தூக்கத்திலோ பயத்திலோ இருந்ததா? நாளைக் காலையில் வீட்டிலும் வகுப்பிலும் நாங்கள் மாற்ற வேண்டியது என்ன? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத அறிக்கை பாதி அறிக்கைதான், மீதியைக் கேட்டு வாங்குங்கள்.

தனிநபர் கல்வித் திட்டம்

ஒரு குழந்தைக்கு என்ன, எப்படிச் சொல்லித்தரப்போகிறோம் என்று பள்ளியும் பெற்றோரும் சேர்ந்து எழுதிவைக்கும் திட்டம் இது. ஐ.இ.பி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1975-இல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டத்தில் கட்டாயமாக்கப்பட்ட இந்த ஆவணம், இன்று வேறு வேறு பெயர்களில் பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது. 1994-இல் ஸ்பெயின் நாட்டின் சலமாங்கா நகரில் கூடிய 92 அரசுகளின் பிரதிநிதிகள், முடிந்தவரை எல்லாக் குழந்தைகளும் பொதுப் பள்ளியில் சேர்ந்து படிக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். 2006-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24-ஆம் பிரிவு அதை உரிமை என்றே சொல்கிறது. பள்ளியிடம் பேசப் போகும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சலுகை கேட்டுப் போகவில்லை. அதற்காகக் குரலை உயர்த்த வேண்டும் என்றும் இல்லை, அந்த ஆசிரியரோடுதான் உங்கள் குழந்தை நாள் முழுவதும் இருக்கப்போகிறது.

திட்டத்தின் உயிர் அதன் இலக்கில் இருக்கிறது. "வாசிப்பில் முன்னேற வேண்டும்" என்று எழுதியிருந்தால் அது இலக்கு இல்லை, ஆசை. எது நடந்தால் முன்னேற்றம் என்று ஒத்துக்கொள்வோம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். உதாரணமாக: "இப்போது இரண்டெழுத்துச் சொற்களில் பத்துக்கு நான்கைச் சரியாகப் படிக்கிறாள். மூன்று மாதத்தில், இதற்கு முன் பார்க்காத இரண்டெழுத்துச் சொற்களில் பத்துக்கு ஒன்பதை, யாரும் எடுத்துக்கொடுக்காமல், அடுத்தடுத்த மூன்று நாட்களிலும் படிக்க வேண்டும்." இதில் இன்றைய நிலை இருக்கிறது, கெடு இருக்கிறது, அளவு இருக்கிறது, எவ்வளவு உதவி என்பதும் இருக்கிறது. இதோடு யார் சொல்லித்தருவார்கள், வாரத்துக்கு எத்தனை முறை, எத்தனை நிமிடம், எப்போது மறுபடி கூடிப் பார்ப்போம் என்பதையும் எழுதி வாங்குங்கள். வருடத்துக்கு மூன்று நான்கு இலக்கு போதும். இருபது இலக்கு எழுதிய திட்டங்களைப் பார்த்திருக்கிறேன், அலமாரியில்தான் இருந்தன.

இன்னொரு விஷயம் பலருக்குக் குழம்புகிறது. பாடம் அதேதான், அதை அடையும் வழி மட்டும் மாறுகிறது என்றால் அது ஒரு வகை: தேர்வில் கூடுதல் நேரம், கேள்வியைப் படித்துக்காட்ட ஒருவர், சொல்லச் சொல்ல எழுத ஒருவர், பெரிய எழுத்தில் அச்சடித்த தாள். பாடத்தின் அளவும் எதிர்பார்ப்புமே குறைகிறது என்றால் அது வேறு வகை. முதல் வகையால் குழந்தையின் படிப்புக்கு எந்த இழப்பும் இல்லை. இரண்டாவது வகை சில குழந்தைகளுக்குத் தேவைதான், ஆனால் அதனால் பின்னால் சான்றிதழிலும் மேல்படிப்பிலும் என்ன மாறும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட வேண்டும். கூட்டத்திலேயே கையெழுத்துப் போட்டாக வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். "வீட்டில் படித்துவிட்டுத் தருகிறேன்" என்று சொல்லலாம். கூட்டத்தில் பேசியதை அன்றைக்கே நாலு வரியில் எழுதி, "நாம் பேசி முடிவு செய்தது இவை, ஏதாவது விட்டுப்போயிருந்தால் சொல்லுங்கள்" என்று பள்ளிக்கு மரியாதையாக அனுப்பிவிடுங்கள். ஆசிரியர் மாறினாலும் தலைமையாசிரியர் மாறினாலும் அந்த நாலு வரி அப்படியே இருக்கும்.

வகுப்பாசிரியருக்குச் சில வார்த்தைகள்

நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஒரு குழந்தைக்கு மட்டும் தனியாக எப்படிச் செய்வது என்ற உங்கள் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் எல்லாருக்கும் உதவுகிற மாற்றங்களில் இருந்து தொடங்கச் சொல்கிறேன். கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவுதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடி ஆக்கியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, அதுவரை வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். மொழியை உள்வாங்கிக்கொள்ள நேரம் எடுக்கும் குழந்தைக்குப் பத்து விநாடி கூடத் தேவைப்படலாம். அந்த இடைவெளியில் கேள்வியை வேறு வார்த்தையில் திருப்பிச் சொல்லாதீர்கள், அது குழந்தைக்கு இரண்டாவது கேள்வியாகிவிடும், முதலில் இருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

அன்றைய வேலைகளைப் படமாகவோ சொல்லாகவோ வரிசையாகப் பலகையில் போட்டு, முடிந்ததை அடித்துவிடுங்கள். மாற்றம் வருவதற்கு முன்பே சொல்லுங்கள். "புத்தகத்தை எடுத்து, 32-ஆம் பக்கம் திறந்து, மூன்றாவது கணக்கைச் செய்து, முடித்தவர்கள் கையைத் தூக்குங்கள்" என்பது நான்கு கட்டளைகள். ஒன்றொன்றாகச் சொல்லுங்கள். பலகையில் இருந்து பார்த்து எழுதுவதிலேயே ஒரு குழந்தையின் முழு நேரமும் போகிறதென்றால், அச்சடித்த தாளைக் கொடுத்துவிட்டுச் சிந்திக்க வேண்டியதை மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம் உதவியைக் குறைக்கும் கலை. சட்டைப் பொத்தான் போடக் கற்றுத்தர, எல்லாப் பொத்தானையும் நீங்களே போட்டு, கடைசிப் பொத்தானைத் துளைக்குள் பாதி நுழைத்து வைத்து, இழுப்பதை மட்டும் குழந்தையிடம் விடுங்கள். அது வந்ததும் கடைசிப் பொத்தான் முழுவதும், பிறகு கடைசி இரண்டு. பின்னாலிருந்து முன்னால் வருகிற இந்த முறையில் ஒவ்வொரு தடவையும் வேலையை முடித்த சந்தோஷம் குழந்தைக்கே கிடைக்கிறது. ஷூ போடுவது, பை அடுக்குவது, படுக்கையை மடிப்பது என்று எதற்கும் இது பொருந்தும். உதவிக்கு என்று பக்கத்திலேயே ஒருவரை உட்கார வைத்திருந்தால், அவர் எப்போது, எப்படி விலகிப்போவார் என்பதும் திட்டத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் குழந்தை ஆசிரியரைப் பார்க்கவே பழகாது.

கத்துகிறான், அடிக்கிறான், ஓடுகிறான்

இங்கேதான் அந்த நோட்டு தன் முழு மதிப்பையும் காட்டும். பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: முன்னால் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, அடுத்து என்ன நடந்தது. பத்து சம்பவம் எழுதியதும் ஒரு போக்கு தெரியும். பொதுவாக ஏதாவது வேண்டும் என்பதற்காக, நம் கவனத்துக்காக, ஏதோ ஒன்றில் இருந்து தப்பிக்க, அல்லது அந்தச் செயலே உடம்புக்கு இதமாக இருப்பதால் என்று காரணம் இந்த நான்கில் ஒன்றாக இருக்கும், சில சமயம் இரண்டு கலந்திருக்கும். ஒரு பையன் எழுத்து வேலை வந்ததும் பென்சிலை வீசுவான், வெளியே அனுப்பிவிடுவார்கள். அவன் கேட்டதே வெளியே போவதைத்தான், தண்டனை என்று நினைத்து அதையே நாம் கொடுத்துக்கொண்டிருந்தோம். அவனுக்கு "ஓய்வு வேண்டும்" என்ற அட்டையைக் கொடுத்து, அதைக் காட்டினால் இரண்டு நிமிடம் விடுவோம் என்று ஆக்கி, எழுத்து வேலையையும் பாதியாக வெட்டியபோதுதான் பென்சில் கையில் நின்றது. நடத்தை திடீரென்று மாறினால் அதற்கெல்லாம் முன்னால் பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், தூக்கக் குறைவு இருக்கிறதா என்று பாருங்கள். பேச முடியாத குழந்தைக்கு வலியைச் சொல்ல வேறு வழி இல்லை.

சத்தம், வெளிச்சம், கூட்டம் தாங்காமல் குழந்தை உடைந்துபோவது வேறு. அந்த நேரத்தில் பாடம் எடுக்காதீர்கள், கேள்வி கேட்காதீர்கள். சத்தத்தைக் குறைத்து, பாதுகாப்பாகப் பக்கத்தில் இருங்கள். மற்றதெல்லாம் பிறகு.

பேச்சுக்குக் காத்திருக்க வேண்டாம், வீட்டு மொழியை விட வேண்டாம்

படம், சைகை, டேப்லெட் என்று கொடுத்தால் குழந்தை பேசுவதையே விட்டுவிடும் என்ற பயம் எல்லாப் பெற்றோருக்கும் இருக்கிறது. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. இவை பேச்சுக்குத் தடையாக இருப்பதில்லை, சிலருக்குப் பேச்சு வரவும் துணை செய்கிறது. படத்தைக் கையில் கொடுத்து வேண்டியதைக் கேட்கும் பெக்ஸ் முறையை 1985-இல் ஆண்டி பாண்டி, லோரி ஃபிராஸ்ட் இருவரும் உருவாக்கினார்கள். அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், அட்டையும் படமும் போதும். எந்த முறையானாலும் "வேண்டும்" என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "வேண்டாம்", "நிறுத்து", "வலிக்குது", "இன்னும்" என்பவையும் குழந்தையின் கைக்கு எட்ட வேண்டும். வேண்டாம் என்று சொல்லத் தெரிவது பாதுகாப்பும் கூட.

வீட்டில் பேசும் மொழியை நிறுத்திவிட்டுப் பள்ளி மொழியில் மட்டும் பேசுங்கள் என்ற ஆலோசனை எனக்கு மிகவும் வருத்தம் தரும் ஒன்று. ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளிலும் இருமொழிச் சூழல் பேச்சைத் தாமதப்படுத்துவதாக ஆய்வுகள் காட்டவில்லை. பாட்டியோடும் தாத்தாவோடும் பேசும் மொழியைப் பிடுங்கிவிட்டால் குழந்தைக்குப் பேச ஆட்களே குறைந்துபோவார்கள்.

இலவசமாகக் கிடைப்பவை, ஒதுக்க வேண்டியவை

வளர்ச்சித் தாமதம் உள்ள 2 முதல் 9 வயது வரையிலான குழந்தைகளின் பராமரிப்பாளர்களுக்காக உலக சுகாதார நிறுவனம் ஒரு பயிற்சியை உருவாக்கி, இணையத்திலும் இலவசமாகத் தருகிறது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குக் கணினித் திரையைப் படித்துக்காட்டும் என்.வி.டி.ஏ. என்ற மென்பொருள் இலவசம். ஆண்ட்ராய்டில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்று உங்கள் கையில் இருக்கும் போனிலேயே திரைவாசிப்பான் இருக்கிறது, அமைப்புகளில் அணுகல்தன்மை என்ற பகுதிக்குள் போய்ப் பாருங்கள். 2013-இல் கையெழுத்தான மராகேஷ் உடன்படிக்கையால், அச்சு எழுத்தைப் படிக்க முடியாதவர்களுக்கான புத்தகப் பிரதிகளை அதில் சேர்ந்த நாடுகள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ள முடிகிறது. எழுத்தைப் படிப்பதில் சிரமம் தரும் டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்கும் இது பொருந்தும், நூலகத்தில் கேளுங்கள்.

"குணமாக்கிவிடுவோம்" என்று சொல்பவர்களிடம் போகாதீர்கள். உடலில் இருந்து உலோகத்தை நீக்குகிறோம் என்று ஆட்டிசத்துக்குத் தரும் கீலேஷன் சிகிச்சையில் உயிரே போயிருக்கிறது. மருந்து என்று சொல்லித் தரும் ப்ளீச் கலந்த திரவங்கள் விஷம். குழந்தையின் கையைப் பிடித்து எழுத்துப் பலகையில் தட்ட வைக்கும் முறையைச் சோதித்தபோது, வந்த சொற்கள் கையைப் பிடித்தவருடையவை என்று தெரிந்தது. சிகிச்சையோ பயிற்சியோ தருபவரிடம், எத்தனை மாதத்தில் என்ன மாறும், மாறாவிட்டால் என்ன செய்வார், நீங்கள் கூடவே இருந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். பார்க்க விடாத இடத்தில் குழந்தையை விட வேண்டாம்.

பிள்ளை 13, 14 வயதை எட்டும்போது நோட்டின் தலைப்பு மாற வேண்டும். பணத்தை எண்ணுவது, தனியாகப் பயணம் செய்வது, உடல் மாற்றங்கள், யார் எங்கே தொடலாம் என்பது, பள்ளிக்குப் பிறகு என்ன என்பது. திட்டக் கூட்டத்துக்குப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். பேசவோ எழுதவோ முடியாவிட்டாலும், பிடித்த வேலையின் படத்தை எடுத்து மேசையில் வைக்க முடியும். அந்தப் பக்கத்தை அவரே நிரப்பட்டும், நீங்கள் தேதியை மட்டும் எழுதுங்கள்.